மறுமொழி: அது கருத்துக்கணிப்பு இல்லை, 'திரட்டு வாக்கெடுப்பு' என்று வைப்போமா?

எல்லாருக்கும் வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு (தகவல்களைச் சேமித்துத் தேடித்தருவது) இணையத்தில் வாக்குக் கேட்கிற ஓர் அறிவித்தலை நாங்கள் தமிழாக்கியதில், 'போல்' (poll), 'அட்வகசி' (advocacy, ஒன்றுக்காக எடுத்துப் பேசுவது) என்ற இரண்டு சொல்லுக்கும் என்ன தமிழ் போடுவது என்பதுதான் பேச்சு.

> போலுக்குக் கருத்துக்கணிப்பு, அட்வகசிக்குப் பிரச்சாரம் என்று போட்டாயிற்று. இதில் இனி என்ன இருக்கிறது?

இருக்கிறது, அக்கரைப்பற்றுத் தம்பி. "ஆண்டின் சிறந்த திறந்தமூலத் தரவுத்தளம் எது, வந்து வாக்களியுங்கள்" என்ற அந்த அறிவித்தலின் தமிழாக்கத்தை நேற்று இரவு முழுதாக வாசித்தேன். மொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் வாசிக்கிற ஆளைப் பிழையான பக்கம் கூட்டிக்கொண்டு போகின்றன. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பு என்றால் கணிக்கிற ஒருவர் இருக்கவேண்டும். யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது, எந்தெந்த ஊரில் கேட்பது என்று முதலே தீர்மானித்துவிட்டுத்தான் அவர் போய்க் கதவைத் தட்டுவார். இணையத்தில் பொத்தானை வைத்துவிட்டுக் காத்திருக்கிற வாக்கெடுப்பில் அப்படி ஒருவரும் இல்லை. வந்தவர் அமத்திவிட்டுப் போகிறார், வராதவரைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. எண்ணிக்கை கூடினால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு 1936 அமெரிக்க சனாதிபதித் தேர்தலைத்தான் காட்டவேண்டும். ஒரு சஞ்சிகை தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்து, ரூஸ்வெல்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலில் இருந்து பெயர் எடுத்தால் வேறு என்ன வரும்? அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பாளர் அதைவிட எவ்வளவோ குறைந்த ஆட்களைக் கேட்டு, வெல்லப்போகிறவரைச் சரியாகச் சொன்னார்.

தரவுத்தள வாக்கெடுப்பில் இதற்கு மேலே இன்னொன்றும் நடக்கிறது. வாக்கெடுப்பு தொடங்கியவுடன் ஏதாவது ஒரு மென்பொருளின் குழுவுக்குள் "நாங்கள் பின்னுக்கு நிற்கிறோம், எல்லாரும் உடனே போய்ப் போடுங்கள்" என்று ஒரு செய்தி போகும், இரண்டு மணித்தியாலத்தில் கோடு நிமிர்ந்துவிடும், பிறகு மற்றப் பக்கத்துக்கு விசயம் தெரியவர அவர்களும் ஆள் சேர்ப்பார்கள். கடைசியில் வருகிற எண் எது நல்ல தரவுத்தளம் என்பதைச் சொல்லாது, எதை அதிகம் பேர் பாவிக்கிறார்கள் என்பதையும் சொல்லாது. எந்தக் குழு தன் ஆட்களைக் கெதியாகக் கூப்பிட்டது என்பதை மட்டும் சொல்லும். அதுவும் ஒரு தகவல்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் வருகிற ஆட்கள் உள்ள மென்பொருள் நாளைக்கே செத்துப்போகாது, அவசரத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் கருத்துக்கணிப்பு இல்லை.

இவ்விடத்தில் மூன்று வேறு வேறு சாமான்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, எங்கள் தமிழாக்கம் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது. தரவுத்தளங்களை வரிசைப்படுத்துகிற டிபி-எஞ்சின்ஸ் என்ற இணையத்தளத்தின் பட்டியலை எடுங்கள். 2012 இலிருந்து மாதாமாதம் வருகிறது, ஆரக்கிள் முன்னுக்கு, மைஎஸ்கியூஎல் இரண்டாவது, போஸ்ட்கிரெஸ் நாலாவது என்று கனகாலமாகக் கிட்டத்தட்ட ஒரே அடுக்கு. அதில் ஒருவரும் வாக்குப் போடுவதில்லை. தேடுபொறிகளில் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் எத்தனை கேள்வி, வேலை விளம்பரத்தில் எத்தனை தரம், லிங்க்டின்னில் எத்தனை பேர் தங்கள் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள் என்று கூட்டிப் புள்ளி போடுகிறார்கள். நிறுவல்களை அளக்கவில்லை என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், ஒரு தரவுத்தளம் ஆட்களை எவ்வளவு குழப்புகிறதோ அவ்வளவுக்குக் கேள்வி கூடும், கேள்வி கூடினால் புள்ளியும் கூடும். அண்ட்ரொயிட், ஐபோன் என்று ஒவ்வொரு கைத்தொலைபேசிக்குள்ளும் சத்தமில்லாமல் வேலை செய்கிற எஸ்கியூலைட் என்ற தரவுத்தளமோ அந்தப் பட்டியலில் பத்தாம் இடத்தை ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே அது தரவரிசை. 'தரவரிசை' என்றே விட்டால் போதும், புதுச்சொல் தேவையில்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் நடத்துவது இன்னொன்று. பல பக்கக் கேள்விக்கொத்து, பல்லாயிரம் பேர் நிரப்புகிறார்கள். 2023 இல் போஸ்ட்கிரெஸ் 45 வீதத்துக்குச் சற்று மேலே போய், 41 வீதத்தில் நின்ற மைஎஸ்கியூஎல்லை முந்தியது அதில்தான். அங்கேயும் விரும்பினவர்தான் வருகிறார், உண்மை. ஆனால் கேள்வி "நீ எதைப் பாவிக்கிறாய்" என்பது. "எதை வெல்ல வைக்கப்போகிறாய்" என்பது இல்லை. அதைக் 'கருத்தாய்வு' என்று எழுதுவோம். மிஞ்சுவது மூன்றாவது, பொத்தான் வாக்கெடுப்பு. சொல் தேவைப்படுவது அதற்குத்தான்.

> விருப்ப வாக்கெடுப்பு என்று அழகாக வைக்கலாமே.

அழகுதான் தங்கச்சி, ஆனால் எங்கள் இலங்கையில் முடியாது. விருப்பு வாக்கு என்றவுடன் இங்கே யாருக்கும் வாக்குச்சீட்டில் கட்சிக்குக் கீழே இருக்கிற இலக்கப் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும், 2024 சனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணின பிறகு சின்னப் பிள்ளைகூட அந்தச் சொல்லை அறிந்துவைத்திருக்கிறது. விருப்பு, விருப்பம் என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு கலைச்சொல் வைத்தால் அச்சில் யார் பார்த்துத் திருத்துவது? 'பிரபல்ய வாக்கெடுப்பு' என்பதில் எனக்குப் பெரிய வெறுப்பு இல்லை, ஆனால் வாக்கு எப்படிச் சேர்ந்தது என்பதை அது மறைக்கிறது.

> பேசாமல் 'கொம்புமுறி' என்று வையுங்கள், விசயம் முடிந்தது.

களுவாஞ்சிகுடி அண்ணன் பகிடிக்கு எழுதினாலும் பாதி சரி. கொம்புமுறி எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துச் சடங்கு விளையாட்டு: கண்ணகி அம்மனுக்குக் கொம்பு இழுக்கும்போது வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், எந்தச் சேரி என்பதை ஒருவரும் யோசித்துத் தெரிவுசெய்வதில்லை, பிறந்த குடும்பத்தோடு வருகிறது. மைஎஸ்கியூஎல்லா போஸ்ட்கிரெஸா என்று சண்டை பிடிக்கிற பொடியன்களில் முக்கால்வாசிப் பேரும் இப்படித்தான். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பிஎச்பி நிரல்மொழியோடு மைஎஸ்கியூஎல் படித்தவர், பிறகு மலிவாகக் கிடைக்கிற பகிர்வு வழங்கியில் (பலர் பங்குபோட்டுப் பாவிக்கிற இணையக் கணினி) வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளைப் போட்டவர், அதற்கும் மைஎஸ்கியூஎல் அல்லது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி தேவை, அவர் வேறு எந்தச் சேரியில் நிற்பார்? ஒப்பிட்டுப் பார்த்து வந்த முடிவு இல்லை அது. ஆனால் அண்ணன், மதுரையில் இருந்து வாசிக்கிறவருக்குக் கொம்புமுறி விளங்காது. யாழ்ப்பாணத்திலேயே கனபேருக்கு விளங்காது.

இதைத்தான் காரைதீவு சேர் (sir) அவர்களும் தன் மடலில் சுட்டியிருந்தார். அவருடைய ஊரில் பிறந்த விபுலானந்த அடிகள் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் அதே 1936 இல்தான். கடலுக்கு இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற சொல்லாக இருக்கவேண்டும் என்பது சேரின் நிபந்தனை. சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

அதனால்தான் 'திரட்டு வாக்கெடுப்பு' என்கிறேன். கையெழுத்துத் திரட்டுகிறோம், நிதி திரட்டுகிறோம், ஆள் திரட்டுகிறோம். இரண்டு கரையிலும் புழங்குகிற வினை. அப்படிக் கூப்பிட்டு வந்து விழுகிற வாக்கு 'திரட்டு வாக்கு'. இதில் ஒரு வசதி, கள்ள வாக்கிலிருந்து இதைப் பிரித்துக் காட்டலாம். ஒரே ஆள் குக்கியை (வந்தவரை அடையாளம் காணத் தளம் உலாவியில் வைக்கிற குறிப்பு) அழித்து அழித்து இருபது தரம் போட்டால், அல்லது நிரல் எழுதிப் போட வைத்தால், அது கள்ள வாக்கு. திரட்டு வாக்கில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான ஒரு ஆள் இருக்கிறார், கூப்பிட்டதால் வந்தார், அவ்வளவுதான். குற்றம் ஒன்றும் இல்லை. வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டுகிற 'திரட்டி'யோடு குழம்பும் என்று சேர் சொல்கிறார். குழம்பாது என்றே நினைக்கிறேன், வாக்கு என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறதே.

இனி அட்வகசி. எனக்கு இதுதான் முக்கியம்.

பிரச்சாரம் என்றால் எங்களுக்கு ஒலிபெருக்கியும் மதிலில் ஒட்டுகிற போஸ்டரும்தான். போதாததற்குப் போஸ்ட்கிரெஸின் சின்னம் யானை. "யானைக்கு வாக்களியுங்கள்" என்று தமிழாக்கத்தில் ஓரிடத்தில் வந்திருக்கிறது. இலங்கையில் அது எந்தக் கட்சியின் சின்னம் என்று எல்லாருக்கும் தெரியும், படுவான்கரையில் வேளாண்மையை யானை மிதித்துவிட்டுப் போன வீட்டில் இதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். தயவுசெய்து அந்த வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'பரப்புரை' கொஞ்சம் மேல், ஆனால் அதற்கும் தேர்தல் வாசம் போகவில்லை. 'பரிந்துரை' என்றால் ஜீஎஸ் (கிராம சேவகர்) கடிதத்தின் அடியில் எழுதித் தருகிற சிபாரிசு.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் வேலை செய்த அரசசார்பற்ற நிறுவனங்களின் பட்டறைகளுக்குப் போனவர்களுக்குப் 'பரிந்துபேசல்' பழக்கம். அப்போது அறிக்கைத் தமிழ் என்று அதைப் பார்த்துச் சிரித்தோம், இப்போது அதுதான் பொருந்துகிறது. ஏன் என்றால், போஸ்ட்கிரெஸைச் சொந்தமாக வைத்திருக்கிற ஒரு கம்பனி கிடையாது. மைஎஸ்கியூஎல்லுக்கு சுவீடனில் ஒரு கம்பனி இருந்தது, அதை 2008 இல் சன் என்ற கணினிக் கம்பனி வாங்கியது, சன்னை 2010 இல் ஆரக்கிள் கம்பனி வாங்கியது, அதற்கிடையில் ஆரம்பத்தில் எழுதியவர்களில் ஒருவரான விடேனியஸ் பிரிந்துபோய் மரியாடிபியைத் தொடங்கினார். கம்பனி இருக்கிற இடத்தில் சந்தைப்படுத்தல் பிரிவு இருக்கும், அதற்குச் சம்பளம் இருக்கும். பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986 இல் தொடங்கி 1996 இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய முழுப்பெயரை எடுத்த போஸ்ட்கிரெஸுக்கு அப்படி ஒரு சொந்தக்காரரே இல்லை. பாவிக்கிறவன் வாயைத் திறந்தால்தான் உண்டு. அதனால்தான் அங்கே அட்வகசி என்றே தனியாக ஒரு மடற்குழு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்காக மற்றவர் பேசுவதற்குப் பரிந்துபேசல் என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்தப் பேச்சு எப்படி இருக்கவேண்டும்? வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. அங்கத்தவர் பட்டியலை அச்செடுத்தால் கமலாவுக்கு முன்னால் கனகம்மா வந்து நின்றார். நூலகர் அம்மா பழைய ஆள், அகராதி வரிசை கைப்பாடம், "இந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது" என்று பேனையால் அம்புக்குறி போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். காரணம் சின்னது: அகராதியில் 'ன' கடைசி மெய், ஆனால் எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்த இடத்தில் 'ன' இருக்கிறது, 'ப'வும் 'ம'வும் அதற்குப் பிறகுதான் வருகின்றன, 'ற'வும் அதேமாதிரி 'ர'வுக்குப் பக்கத்தில். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற நிரல் கனகம்மாவைத்தான் முதலில் போடும். போஸ்ட்கிரெஸ் 10 ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2017 இலிருந்து, ஐசியு என்ற நிரல்தொகுப்பின் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்கலாம், தரவுத்தளத்திடம் கேட்கிற வினவலின் கடைசியில் ஒரு சின்னத் துண்டு சேர்த்தால் போதும். பொத்துவில் காக்கா இதை அரைப் பக்கத்தில், பெயர்களையே உதாரணமாக வைத்துத் தமிழில் எழுதி அனுப்பினார். அம்மா அச்செடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெயர் என்ன மனே, எங்க வாங்கலாம்?" என்று கேட்டார். காசுக்கு இல்லை என்றதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மற்றத் தரவுத்தளங்களாலும் இதைச் செய்யலாம் என்று யாராவது எழுதப்போகிறீர்கள். செய்யலாம். எழுதிக் காட்டுங்கள், அவர்களுக்கும் அதுதான் பரிந்துபேசல். 2019 இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டிப் பார்த்து முழுவாசகத் தேடல் செய்கிற வசதி சேர்ந்தது, இன்றுவரை அதைத் தமிழில் விளக்கி ஒரு நல்ல பக்கம் என் கண்ணில் படவில்லை. வாக்கெடுப்புக்கு நூறு பேரைக் கூப்பிடத் தெரிந்த நாங்கள் அதற்கு இரண்டு பேரைக் கூப்பிடலாம்.

அதற்காக வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. போடுங்கள், நானும் போட்டேன். வென்றால் "திரட்டு வாக்கெடுப்பில் முதலிடம்" என்று நேர்மையாக எழுதுவோம், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மாகாணசபைக் காரியாலயத்துக்குப் போய் "உலகமே இதைத்தான் பாவிக்கிறது" என்று சொல்லாமல் இருப்போம்.

சொற்பட்டியலில் திரட்டு வாக்கெடுப்பு, திரட்டு வாக்கு, பரிந்துபேசல் மூன்றையும் முன்மொழிவு என்று குறித்து ஏற்றிவிடுகிறேன். மாற்றுச் சொல் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எழுதுங்கள், ஒரு வசனத்தில் வைத்துக் காட்டி எழுதினால் நல்லது. கொலேசனுக்கு (collation, எழுத்துகளை வரிசைப்படுத்துகிற முறை) 'அடுக்கொழுங்கா' 'வரிசை விதியா' என்ற சண்டையை வேறு தலைப்பில் தொடங்குங்கள், இதற்குள் கலக்க வேண்டாம்.

கல்லடியிலிருந்து