40 நிமிடக் கட்டுரை: என் கருத்தை எழுதும் முன்பே நேரம் முடிந்துவிடுகிறது

ஏற்காடு மாணவி:
வணக்கம். பிளஸ் 2 படிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர ஏ.சி.டி. தேர்வு எழுதப் போகிறேன், கட்டுரைப் பகுதியோடு சேர்த்து. ஒரு பொருளும் அதைப் பற்றிய மூன்று பார்வைகளும் தருவார்கள். நம் கருத்தைச் சொல்லி, அம்மூன்றில் ஒன்றோடாவது அதற்குள்ள உறவை ஆராய வேண்டும். நேற்று ‘மனிதர் வேலையை எந்திரம் செய்வது’ பற்றி நோட்டில் எழுதிப் பார்த்தேன். முன்னுரையே ஒரு பக்கம். மூன்று பார்வைக்கும் தனித்தனிப் பத்தி எழுதி என் கருத்துக்கு வந்தபோது 38-ஆம் நிமிடம். வேகமாக எழுத என்ன வழி?

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
உன் முன்னுரையின் முதல் வரி என்ன கண்ணு?

ஏற்காடு மாணவி:
‘ஆதிகாலம் முதலே மனிதன் கருவிகளைப் படைத்து வருகிறான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன் ஐயா.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
அதே வரியைச் சைக்கிள் பற்றிய கட்டுரைக்கும் வைக்கலாம். வெட்டிவிடு. கை வேகத்தில் குறையில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே எழுதத் தொடங்கிவிடுகிறாய். முதல் ஏழெட்டு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு, உன் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காட்சியைத் தேடு.

எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கம்பி இழுப்பது எந்திரம். ஆனால் கொலுசில் சலங்கையைப் பற்றவைப்பவர் இடுக்கியும் தீச்சுடருமாகக் குனிந்தே உட்கார்ந்திருப்பார். சுடர் ஒரு நொடி கூடுதலாக நின்றால் வெள்ளி உருகிவிடும். எந்திரம் சுமையைக் குறைக்கிறது என்பவருக்கும் இவர் சாட்சி, பிழைப்பைப் பறிக்கும் என்பவருக்கும் இவரே சாட்சி. இரண்டு பார்வையையும் இவர் முன்னால் மோதவிட்டு, நீ யார் பக்கம் என்று சொல். மூன்று தனிப்பத்தி எதற்கு?

ஃபேர்லேண்ட்ஸ் அண்ணன்:
ஐயா சொன்னதோடு ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியே 2018 செப்டம்பரிலிருந்து இத்தேர்வு கணினியில் நடக்கிறது. நோட்டில் பழகாதே தங்கையே. நான் அப்படிப் பழகிவிட்டு, தேர்வறையில் விசைப்பலகையில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கணினியில் ஒரு வசதியும் உண்டு: நடுப்பத்தியை முதலில் எழுதிவிட்டு, மேலே போய் முன்னுரையைச் சேர்க்கலாம்.

இருவர் திருத்துவார்கள். கருத்தும் ஆய்வும், விளக்கமும் ஆதாரமும், ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே 1 முதல் 6 வரை மதிப்பெண். எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் குறையாது. இன்னொன்று, கட்டுரை மதிப்பெண் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் சேராது. பல கல்லூரிகள் கேட்பதே இல்லை. உன் பட்டியலில் உள்ளவை கேட்கின்றனவா என்று முதலில் பார்.

ஏற்காடு மாணவி:
நன்றி அண்ணா. ஒரு கல்லூரிக்காவது வேண்டும் என்றே நினைக்கிறேன், இன்று சரிபார்க்கிறேன். ஐயா, கணினியில் மறுபடி எழுதினேன். எங்கள் ஊர்க் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பதை எடுத்துக்கொண்டேன்: ஒரே கொத்தில் காயும் பழமும் இருக்கும், சிவந்ததை மட்டும் விரல் தேர்ந்து பறிக்கும். 37-ஆம் நிமிடத்தில் முடித்துவிட்டேன். முடிவுரை இரண்டே வரிதான், பரவாயில்லையா?

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
இரண்டு வரி போதும். மிச்சமுள்ள மூன்று நிமிடத்தில் எழுத்துப்பிழை பார். அந்த விரலை மட்டும் எங்கும் வெட்டிவிடாதே.