பந்துக்கும் பந்துக்கும் நடுவே

எம்பிஏ படித்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் செய்த வேலை காத்திருப்பதுதான். குரூப் புராஜெக்டில் மற்றவர்கள் அவரவர் பகுதியை எப்போது அனுப்புவார்கள் என்று காத்திருப்பது, ஷார்ட்லிஸ்டில் பேர் வருமா என்று காத்திருப்பது, கேஸ் ஸ்டடியைப் படிக்காமல் வந்த அன்று பேராசிரியர் நம் பக்கம் திரும்பாமல் மணி அடிக்க வேண்டுமே என்று காத்திருப்பது. சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் அங்கேயும் அதே கதை. பேடைக் கட்டிக்கொண்டு அடுத்த விக்கெட் விழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்துக்கு மொத்தம் 240 பந்து. பந்து கையை விட்டுக் கிளம்பி ஆட்டம் அடங்க ஐந்து விநாடி என்று வைத்தாலும் 20 நிமிடம்தான் வரும். ஆனால் ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. மிச்ச நேரமெல்லாம் மனசு என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்தக் கேள்வியோடு நான் பார்த்த சிலரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏலம். 2008இல் ஐபிஎல் வீரர்களை ஏலம் விட்டாலும் விட்டது, மேலாண்மைக் கல்லூரி விடுதிகளையும் அது தொற்றிக்கொண்டது. எங்கள் கல்லூரி கிரிக்கெட் லீகில் ஆட்களை ஏலத்தில் எடுக்க ஒவ்வொரு கேப்டனுக்கும் 100 பாயின்ட். ஆட விரும்புகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்தால் கல்லூரியில் பேட்ஸ்மேனும் கிடையாது, பவுலரும் கிடையாது, அத்தனை பேரும் ஆல்ரவுண்டர்கள். ரெஸ்யூமே எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா?

ஜூனியர் ஒருவன் பழைய கல்லூரியில் அடித்த சிக்ஸர்களை வெட்டி ஒட்டி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அவன் பேர் வந்ததும் மூன்று கேப்டன்கள் கையைத் தூக்கினார்கள். விலை இருபது பாயின்ட்டைத் தொட்டதும் ஒருவர் ஒதுங்கினார். மிச்ச இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். ஏலம் விட்டவன் ‘அறுபது, ஒரு தரம்’ என்றபோது சிரித்துக்கொண்டிருந்த அறை கொஞ்சம் அமைதியாகிவிட்டது. அறுபதுக்குத் தட்டிச் சென்ற கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து மிச்ச நாற்பதை பத்துப் பேருக்கு எப்படிப் பங்கு போடுவது என்று கணக்குப் போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

இத்தனைக்கும் அந்த வாரம்தான் வகுப்பில் ‘வென்றவனின் சாபம்’ பாடம் நடந்திருந்தது. எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு ஏன் லாபம் தேறவில்லை என்று மூன்று பொறியாளர்கள் 1971இல் எழுதிய கட்டுரையில் தொடங்கிய விஷயம் அது. பொருளின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, எல்லாரையும்விட அதிகமாக மதிப்பிட்டவன்தான் ஏலத்தில் ஜெயிக்கிறான். அதாவது, எல்லாரையும்விட அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவன். பேசர்மேன், சாமுவேல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட சோதனை இன்னும் வேடிக்கை. ஜாடிகளில் 8 டாலர் மதிப்புள்ள பொருள்களைப் போட்டு எம்பிஏ மாணவர்களிடமே ஏலம் விட்டார்கள். மாணவர்களின் சராசரி ஊகம் 5 டாலர் சொச்சம், உண்மையான மதிப்பைவிடக் குறைவு. ஆனால் ஏலத்தில் ஜெயித்த விலைகளின் சராசரி 10 டாலரைத் தாண்டிவிட்டது. நம்ம ஆட்கள்தான், வேறு யார்?

பாவம், அந்த ஜூனியர். ஒவ்வொரு பந்தைத் தவறவிடும்போதும் எல்லைக் கோட்டிலிருந்து ‘அறுபது பாயின்ட்!’ என்று ஒரு குரல் வரும். ஏலத்துக்கு முன்பு நெட்ஸ் பயிற்சியில் இஷ்டத்துக்குச் சுழற்றிக்கொண்டிருந்தவன், விலை ஒட்டிய பிறகு தட்டித் தட்டி ஆட ஆரம்பித்தான். அவன் சொதப்பச் சொதப்ப கேப்டனும் விடாமல் அவனையே முதலில் இறக்கினார். போட்ட காசை நினைத்துக்கொண்டே மேலும் மேலும் போடுகிற இந்தப் புத்தியை 1976இல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அதற்கும் வணிகம் படிக்கிற மாணவர்கள்தான் கிடைத்தார்கள்.

அந்த ஏலத்தில் கடைசி வரை யாரும் கேட்காமல் அடிப்படை விலைக்கு எங்கள் அணிக்கு வந்தவன் ஒருவன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். எங்களுக்கு ஓப்பனிங் ஆள் கிடைக்காததால் அவனை இறக்கினோம். அவன் அடித்த ரன்னைவிட எனக்குப் பிடித்தது, பந்துக்குப் பந்து அவன் செய்யும் சின்னச் சடங்குதான். பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக் பக்கம் நாலு அடி நடப்பான். இடது கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவான். அதுவரை எங்கே வேண்டுமானாலும் பார்ப்பான், எதிர்முனையில் நிற்கும் நான்-ஸ்ட்ரைக்கரிடம் ஜோக்கூட அடிப்பான். பட்டையை ஒட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஸ்டம்புக்கு நேராக பேட்டை ஊன்றி கார்டு எடுப்பான், பவுலரின் கையைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

‘ஆடும்போது மனசைக் காலியா வெச்சுக்குவியா?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘மனசு எங்கடா காலியாகும்? அது பாட்டுக்கு ஓடட்டும். பட்டையை ஒட்டுனதுக்கப்புறம் மட்டும் புதுசா எதையும் முடிவு பண்ண மாட்டேன்’ என்றான்.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து பேட்ஸ்மேனை வந்தடைய ஏறக்குறைய அரை விநாடி. (எங்கள் பவுலர்கள் போடுவதற்குத் தாராளமாகவே நேரம் கிடைக்கும், அது வேறு கதை.) அதற்குள் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ‘பந்தைக் கடைசி வரை பார்’ என்று எல்லாக் கோச்சும் கத்துவார்கள். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமராவை மாட்டி ஆராய்ந்து 2000இல் எழுதியதைப் பார்த்தால், கண் அப்படிப் பந்தோடு கூடவே வருவதில்லை. கிளம்பும் இடத்தைப் பார்க்கிறது, பிறகு பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. நன்றாக ஆடுகிறவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது.

டெண்டுல்கர் 2004 ஜனவரியில் சிட்னியில் எடுத்த 241ஐ இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் துரத்தி அவுட்டாகிக்கொண்டிருந்தார். சிட்னியில், அப்படி வெளியே போகும் பந்தை முன்னால் தள்ளி அடிக்கிற கவர் டிரைவே வேண்டாம் என்று வைத்துவிட்டார். 436 பந்து ஆடி, கடைசி வரை அவுட்டாகவில்லை. கவர் டிரைவ் ஆடலாமா வேண்டாமா என்று 436 தடவை யோசித்திருந்தால் பத்தாவது ஓவரிலேயே கை நீண்டிருக்கும். முடிவை முன்னாலேயே எடுத்து முடித்துவிட்டார். எங்கள் ஏலக் கேப்டனும், ஒரு ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் போவதில்லை என்று முதல் நாளே சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கலாம்.

யோசிக்க நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய வினை என்பதை ஆசிரியர்-மாணவர் ஆட்டத்தில் பார்த்தேன். எங்கள் நிறுவன நடத்தையியல் பேராசிரியர் பேட்டிங். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தூக்கி அடித்தார், பந்து எல்லைக் கோட்டருகே லாங்-ஆனில் நின்ற என் நண்பனை நோக்கி மெதுவாக இறங்கியது. அவன் கொஞ்சம் முன்னால் வந்தான், பின்னால் போனான், உள்ளங்கையை விரித்தான், கைகளைச் சரிபார்த்துக்கொண்டான். பந்து மணிக்கட்டில் பட்டுப் புல்லில் உருண்டது. போன ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்குக் கிட்டே பாயிண்டில் நின்று, புல்லட் மாதிரி வந்ததைப் பாய்ந்து பிடித்தவன் அவனேதான். கைதேர்ந்தவர்கள் தங்கள் கை கால் என்ன செய்கிறது என்று கவனிக்கத் தொடங்கினால் ஆட்டம் கெடுகிறது என்று சயன் பெய்லாக் போன்ற உளவியலாளர்கள் கால்ஃப், கால்பந்து ஆடுகிறவர்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் அப்படிக் கவனிப்பது உதவுகிறது. ஆக, ‘யோசிக்காதே’ என்ற அறிவுரையை எல்லாருக்கும் பொதுவாகத் தூக்கிக் கொடுக்க முடியாது.

மறுநாள் நண்பன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவனுக்கு நினைப்பு. பேராசிரியர் வகுப்பு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, ‘தேங்க்ஸ்ப்பா, உன்னால நான் அப்புறம் பன்னிரண்டு ரன் எடுத்தேன்’ என்றார். அப்புறம் ஒரு டி-ஷர்ட் கதை சொன்னார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு பேரி மேனிலோ என்ற பாடகரின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். மாட்டியவனுக்கு மானம் போகிற மாதிரி சட்டை. ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்டது. ‘சார், ஆனா அது சட்டை, இது கேட்ச்’ என்றான் நண்பன். நியாயமான மறுப்பு, அவரும் சிரித்துவிட்டார்.

பேராசிரியருக்குப் பிடித்த ஆட்டக்காரர் மைக் பிரியர்லி. 1981இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரில் பாதியில் வந்து இங்கிலாந்துக்குத் தலைமையேற்றுத் தொடரை வென்றவர், பிறகு மனப்பகுப்பாய்வாளராகத் தொழில் செய்தவர். பிரியர்லி, விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லிப்பில் நிற்பவர். ‘ஸ்லிப்பில் நின்னா ஆளைப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும், அதான் அந்த வேலைக்குப் போயிட்டார்’ என்பது எங்கள் சாரின் ஆராய்ச்சி. ஆதாரம் கேட்டால் கிடைக்காது.

மழை வந்த ஆட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை என்றிருந்தது, மழைக்குப் பிறகு ஒரே பந்தில் 21 என்றானது. அந்தக் கூத்துக்குப் பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் கொண்டுவந்த முறை 1997இல் முதன்முதலாகப் பயன்பட்டது. மிச்சமிருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்தே ஓர் அணியின் கையிருப்பாகப் பார்ப்பது அதன் சாரம். எங்கள் ஆட்டத்தில் மழை வந்தபோது நிதித்துறை ஆட்கள் இருவர் நோட்டின் பின்பக்கத்தில் இலக்கைக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போகாமல் சண்டை பிடித்து, மழை விட்டு வெகு நேரமாகியும் நிறுத்தவில்லை. அம்பயர் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிளேஸ்மென்ட் நாட்கள் வந்தன. கோட்டும் டையுமாக நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். உள்ளே பேசுவது கால் மணி நேரம், வெளியே உட்கார்ந்திருப்பது காலையிலிருந்து மத்தியானம் வரை. வெளியே வருகிறவன் ஒவ்வொருவனும் ‘கெஸ்டிமேட், அதான் ஊகக் கணக்கு, கேட்டாங்க’, ‘பழைய வேலையை ஏன் விட்டேன்னு குடைஞ்சாங்க’ என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போவான். உடனே பத்துப் பேர் தயாரித்து வைத்திருந்த பதிலை மாற்ற ஆரம்பிப்பார்கள். எங்கள் ஓப்பனர் மட்டும் தண்ணீர் இயந்திரம் வரை நடந்துபோய் வருவான், டை முடிச்சைத் தளர்த்தி மறுபடி இறுக்குவான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடிச்சை இறுக்கியதற்காக யாரும் வேலை கொடுப்பதில்லை.

சடங்கு, கவனம், முன்முடிவு என்று இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் இதெல்லாம் செல்லாத இடமும் இருக்கிறது. எங்கள் அணியின் இடது கை ஸ்பின்னர் ஒருவன் அந்தச் சமயத்தில் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஓப்பனர்தான், ‘அவன் குரூப்ல மெசேஜ்கூடப் பார்க்கிறதில்ல, கவனிச்சியா?’ என்றான். போய்ப் பார்த்தால் பகலில் திரை போட்டுப் படுத்திருந்தான். தூக்கம் கிடையாது, ஷார்ட்லிஸ்ட் மெயில் வந்தால் திறப்பதற்கே பயம். இந்த நிலையில் இருக்கிறவனிடம் ‘மனசைக் கட்டுப்படுத்து, பாசிட்டிவா இரு’ என்று சொல்வது எனக்கு அறவே பிடிக்காத அறிவுரை. கால் முறிந்தவனிடம் யாரும் வேகமாக ஓடு என்று சொல்வதில்லை. 2014 இங்கிலாந்துத் தொடரில் கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார். அப்போது மன அழுத்தத்தில் இருந்ததைப் பல வருடம் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல் 2019இல், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, மனநலத்துக்காக ஓய்வு கேட்டு விலகினார். ரன் வருகிறதா இல்லையா என்பதை வைத்து உள்ளே நடப்பதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இந்த இருவருமே போதும்.

ஸ்பின்னரை கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். அவர் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். சில வாரம் கழித்து அவன் மைதானத்துக்கு வந்தான், ஆனால் பந்து போட மாட்டேன் என்றான். சரி, ஸ்கோர் எழுது என்று நோட்டைக் கொடுத்தோம். பேட்டில் படாமல் காலில் பட்டு வரும் லெக்-பை ரன்னைத் தன் கணக்கில் சேர்க்கச் சொல்லி யார் கெஞ்சினாலும் மசிய மாட்டான், அம்பயரோடும் மல்லுக்கு நிற்பான். அவனுடைய பிளேஸ்மென்ட் மற்றவர்களுக்குப் பிறகு, தாமதமாக நடந்தது. இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம், பழைய கிரிக்கெட் குரூப் மட்டும் ஓடுகிறது. அதில் யாராவது ஒரு வாரம் பேசாமல் இருந்தால் தனியாக ஃபோன் போட்டு, ‘என்னடா, ஆளையே காணோம்’ என்று கேட்கிறவன் அவன்தான்.