வேவு மென்பொருள் புகுந்த வீட்டுக் கணினி: ஃபார்மட் செய்யாமல் சுத்தப்படுத்த முடியுமா?

பிடோக்_கவிதா:

வணக்கம். வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி, விண்டோஸ் 11. அப்பா, மகன், நான் மூவரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறோம். பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவியதிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. குரோமில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு தேடுபொறிக்குப் போகிறது. நாங்கள் போடாத எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேரும் சிறு செயலி) ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. "உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது" என்று காட்டுகிறது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விரைவு ஸ்கேன் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஃபார்மட் செய்யாமல் தீர்க்க வழி உண்டா? இதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் சிங்பாஸும் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளம்) திறக்கிறோம், அதுதான் பெரிய கவலை.

ஈசூன்_சேகர்:

கவிதா, கை வைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இது மகனின் உயர்நிலைப் பள்ளி வழியாக வாங்கிய தனிப்பட்ட கற்றல் சாதனமா? அப்படியானால் கல்வி அமைச்சின் சாதன நிர்வாகச் செயலி அதில் இருக்கும். "நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரியும் நியாயமாகவே வரும். அதை அழிக்காமல் பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவிடம் கொடுங்கள். அலுவலகக் கணினிக்கும் இதுவே பொருந்தும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அந்த வரியை வரவழைக்கும். சொந்தக் கணினியில், அப்படி எதுவும் நிறுவாமலேயே அது வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

சொந்தக் கணினி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வைஃபையைத் துண்டியுங்கள். தேவையான கருவிகளை வேறு கணினியில் இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவாருங்கள். சுத்தமாகும்வரை இதில் வங்கி, சிங்பாஸ், மின்னஞ்சல் எதையும் திறக்க வேண்டாம்.

மூலையில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது "அலவ்" அழுத்தப்பட்டிருக்கும். சன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடுவதால் அது தொடர்கிறது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதிப் பட்டியலில் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். அந்த எச்சரிக்கையில் இருக்கும் "சுத்தம் செய்" பொத்தானையோ தொலைபேசி எண்ணையோ யாரும் தொடக்கூடாது. அப்பாவிடம் இதைக் குறிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நீக்க முடியாத எக்ஸ்டென்ஷன்தான் தேடலைத் திருப்புகிறது. நிறுவனங்களுக்காக குரோமில் இருக்கும் ஒரு வசதியைத் தவறாகப் பயன்படுத்தி அது தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. முகவரிப் பட்டியில் ஆங்கில எழுத்தில் குரோம்://பாலிசி என்று அடித்தால் எந்தெந்த விதி போடப்பட்டிருக்கிறது என்று தெரியும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரி இருந்தால் அதுதான் பூட்டு. விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகல், குரோம் என்ற பாதையில் அது இருக்கும். எச்கீ கரண்ட் யூசரின் கீழும் இதே பாதையைப் பாருங்கள். முதலில் அந்தக் 'குரோம்' கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் எக்ஸ்டென்ஷனை வழக்கம்போல் எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகும் திரும்பி வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, சாதனங்களுக்கு இடையே அமைப்புகளை ஒத்திசைக்கும் குரோம் சிங்க். உங்கள் கூகல் கணக்கில் சேமிக்கப்பட்ட பட்டியலிலிருந்தே அது மறுபடி இறங்கும். சிங்கை நிறுத்தி, கூகல் கணக்கில் இருக்கும் சிங்க் தரவை அழித்து, சுத்தமான பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். ஆனால் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அதோடு போகலாம், முன்பே எடுத்து வையுங்கள். இன்னொன்று, அதை மீண்டும் மீண்டும் நிறுவும் ஒரு திட்டமிட்ட வேலை விண்டோஸில் ஒளிந்திருப்பது. அதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறையுங்கள். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான கையொப்பமோ இல்லை. மஞ்சள் என்றால் வரி இருக்கிறது, கோப்பு இல்லை. ஆப்டேட்டா, டெம்ப் போன்ற இடங்களிலிருந்து பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்எச்டிஏ எதையாவது ஓட்டும் வரி இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள். தவறாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பிடிஎஃப் மென்பொருளையும், அதே தேதியில் நிறுவப்பட்ட மற்றவற்றையும் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வரிசைப்படுத்திப் பார்த்து நீக்குங்கள். பிறகு விளம்பர மென்பொருளை நீக்கும் அட்வ்கிளீனர் கருவி, அதன் பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விரைவு ஸ்கேன் ஒன்றும் இல்லை என்று சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்று போய்ப் பாருங்கள். அங்கே நீங்கள் போடாத ஃபோல்டர் இருந்தால், அதைத் தேடாதே என்று கிருமியே டிஃபெண்டரிடம் சொல்லி வைத்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு, இணையத்தை இணைத்து, டிஃபெண்டரைப் புதுப்பித்து, ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே சோதனை நடக்கும். 15 நிமிடம் போல ஆகும். முடிவு புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக்காவலன்:

சேகர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கணினி சுத்தமானதும் பிரச்சினை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. விளம்பரம் காட்டும் மென்பொருளும் தகவல் திருடும் மென்பொருளும் ஒரே நிறுவியில் சேர்ந்து வருவது உண்டு. திருடும் வகை நிமிடங்களில் வேலையை முடித்து, சிலநேரம் தன்னையே அழித்துக்கொள்ளும். அதனால் ஸ்கேன் வெறுமையாக வந்தாலும் எதுவும் போகவில்லை என்று ஆகாது.

அது எடுத்துப் போவது உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டுமல்ல. நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கிகளையும் எடுக்கும். அந்தக் குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், உங்கள் மின்னஞ்சல் அங்கே திறந்துவிடும். 2024ல் வந்த குரோம் 127இல் குக்கிகளுக்குக் கூடுதல் பூட்டுப் போட்டார்கள். சில வாரங்களிலேயே திருடும் மென்பொருள்கள் அதைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. ஆகவே கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்ற வேண்டும்.

இதைச் சுத்தமான கைப்பேசியில் செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பும் அதன் வழியாகத்தான். கடவுச்சொல்லை மாற்றிய கையோடு மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதியைப் பலர் பார்ப்பதே இல்லை. பிறகு சிங்பாஸ், வங்கிகள், அட்டை எண் சேமித்த கடைத் தளங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ், டெலிகிராமில் ஆக்டிவ் செஷன்ஸ் இரண்டிலும் தெரியாததை வெளியேற்றுங்கள். கணினியில் டெலிகிராம் செயலி இருந்தால் அதன் உள்நுழைவுக் கோப்புகளைத் திருடுவது இந்த வகைக்குச் சர்வசாதாரணம்.

தெரியாத பரிவர்த்தனை ஒன்று தெரிந்தாலும் வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், செயலியிலேயே அவசர முடக்க வசதி இருக்கிறது. பிறகு போலிஸ் புகார். என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எதுவும் போகவில்லை என்றாலும் சேமிப்பின் ஒரு பகுதியை வங்கியின் பணப்பூட்டு வசதியில் போட்டு வையுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் 2023 நவம்பரில் இதைக் கொண்டுவந்தன. பூட்டிய தொகையை இணையம் வழியாக மாற்றிவிட முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். "நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்க விண்டோஸ் சாவியும் ஆர் எழுத்தும் அழுத்தி, கன்ட்ரோல் வி, என்டர் கொடுக்கச் சொன்ன தளம் எதையாவது வீட்டில் யாரும் பார்த்தார்களா?

பிடோக்_கவிதா:

இது சொந்தக் கணினிதான், பள்ளிச் சாதனம் இல்லை. மகனிடம் கேட்டேன், பிடிஎஃப் தளத்தில் அப்படி ஒரு பக்கம் வந்து, அவன் சொன்னபடியே செய்திருக்கிறான். எக்ஸ்குளூஷன்ஸில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போட்டதில் லம்மாஸ்டீலர் என்ற பெயர் வந்து, "ரிமூவ்ட்" என்கிறது. கைப்பேசியில் கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கிவிட்டேன். இனி ஃபார்மட் தேவையா?

வலைக்காவலன்:

தேவை, தயங்காதீர்கள். அந்தப் பெயர் தகவல் திருடும் குடும்பத்தைச் சேர்ந்தது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு அமலாக்க அமைப்புகளும் சேர்ந்து அதன் கட்டமைப்பைக் குறிவைத்து முடக்கின, ஆனாலும் அது முற்றாக ஒழியவில்லை. விளம்பர எக்ஸ்டென்ஷன் மட்டும் என்றால் சேகர் சொன்ன வழியே போதும். இங்கே உங்கள் மகனின் கையாலேயே ஒரு கட்டளை ஓடியிருக்கிறது. அந்தக் கட்டளை வேறு என்னென்னவற்றை இறக்கியது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டிஃபெண்டர் தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் எடுத்திருக்கிறது. வங்கி திறக்கும் கணினியில் அந்தச் சந்தேகத்தை விட்டுவைக்கக்கூடாது.

மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் ரோபோ சோதனையைப் போலவே இருக்கும், பெரியவர்களும் அதில் விழுகிறார்கள். விண்டோஸ் சாவியும் ஆர் எழுத்தும் அழுத்தினால் திறப்பது கட்டளையை ஓட்டும் ரன் பெட்டி. உண்மையான எந்தச் சோதனையும் அதைத் திறக்கச் சொல்லாது. இந்த ஒன்றை அவனுக்கு விளக்கினாலே போதும்.

செய்முறை: வேறு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி யுஎஸ்பியில் விண்டோஸ் 11 நிறுவியை எழுதுங்கள். அந்த யுஎஸ்பியில் இருப்பது எல்லாம் அழியும். பழைய கணினியிலிருந்து படங்கள், ஆவணங்கள் மட்டும் வெளி வட்டில் நகல் எடுங்கள். நிறுவிகள், ஸிப் கோப்புகள், மேக்ரோ உள்ள எக்செல், உலாவி புரொஃபைல் ஃபோல்டர் எதையும் எடுக்காதீர்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று வேறு கணினியில் பாருங்கள். பிறகு கணினியை யுஎஸ்பியிலிருந்து தொடங்கி (பூட் செய்து), வட்டு தேர்வு வரும் இடத்தில் அந்தக் கணினி வட்டின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் (வட்டின் பிரிவுகள்) அழித்து, காலி இடத்தில் நிறுவுங்கள். வெளி வட்டு அப்போது செருகியிருக்கவே கூடாது, அவசரத்தில் அதையே அழித்துவிடுபவர்கள் அதிகம். விண்டோஸ் உரிமம் கணினியோடு பதிவாகியிருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் தானாகச் செயல்படும். வைஃபை தெரியவில்லை என்றால் தயாரிப்பாளர் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை இன்னொரு யுஎஸ்பியில் தயாராக வையுங்கள்.

தோபாயோ_நூர்:

நிறுவி முடித்ததும் முதல் வேலை கணக்குகளைப் பிரிப்பது. அட்மின் கணக்கு ஒன்று, அது உங்களிடம் மட்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்ட் கணக்கு. டிஃபெண்டரில் எக்ஸ்குளூஷன் போடுவதற்கும் எச்கீ லோக்கல் மெஷினில் எழுதுவதற்கும் அட்மின் உரிமை வேண்டும். ஸ்டாண்டர்ட் கணக்கில் அது உங்கள் கடவுச்சொல் இல்லாமல் நடக்காது. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கும் குக்கிகளைத் திருட அட்மின் உரிமை தேவையில்லை. அதனால் வங்கிக்கு நீங்களும் உங்களுக்கென ஒரு தனி ஸ்டாண்டர்ட் கணக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியின் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது, இரண்டு பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். டிஃபெண்டரே போதும். மேலே இன்னொரு வைரஸ் தடுப்பைக் கட்டணம் கட்டிப் போட வேண்டியதில்லை. உலாவியில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள். போலி இறக்கப் பொத்தான்கள் பெரும்பாலும் விளம்பரமாகத்தான் வருகின்றன. பிடிஎஃப்பை மாற்ற வேர்டே போதும், ஃபைல், ஓப்பன் கொடுத்தால் அதுவே திறந்துகொள்ளும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் மட்டும் எழுத்து சரியாக வராது.

ரௌட்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தளப் பெயர்களை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் எண் மாறியிருந்தால் வீட்டில் எல்லாக் கைப்பேசிகளையும் வேறு எங்கோ திருப்பும். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (ரௌட்டரின் உள் மென்பொருள்) புதுப்பித்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் தெரிவை அணைத்துவிடுங்கள். டிஎன்எஸ்ஸில் 9.9.9.9 அல்லது 1.1.1.2 போட்டால், தெரிந்த தீங்குத் தளங்கள் வீடு முழுவதற்கும் தடுக்கப்படும்.

ஈசூன்_சேகர்:

ஒன்று விட்டுப்போனது, கவிதா. புது விண்டோஸில் குரோமுக்குள் நுழைவதற்கு முன்பே கூகல் கணக்கின் சிங்க் தரவை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபார்மட் செய்த கணினியில் அதே எக்ஸ்டென்ஷன் முதல் நாளே வந்து உட்காரும்.