மறு: மெசேஜ் புரோக்கருக்குத் தமிழ்ச் சொல்: "செய்தி இடைவழங்கி"

அன்பின் நண்பர்களுக்கு,

மெசேஜ் புரோக்கர் என்பது ஒரு செயலி அனுப்பும் செய்தியை வாங்கி வைத்து இன்னொரு செயலிக்குச் சேர்ப்பிக்கும் மென்பொருள். நம் கையேட்டில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "செய்தித் தரகர்" என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணா, ஆனால் பிழையாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் தரகர் என்றால் கலியாணத் தரகர், காணித் தரகர். இரு தரப்பையும் சந்திக்க வைப்பதே அவர் தொழில். பேச்சு முற்றானதும் தரகுக் காசை வாங்கிக்கொண்டு விலகிவிடுவார்; பிறகு அவர்கள் நேரடியாகவே பேசிக்கொள்வார்கள். நாம் பேசும் மென்பொருள் இதற்கு நேர்மாறானது. அனுப்பும் செயலியும் பெறும் செயலியும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. ஒன்று இயங்கும்போது மற்றது நின்றுபோயிருக்கலாம். பைத்தனில் எழுதிய பெறுநரை எடுத்துவிட்டு ஜாவாவில் எழுதியதை வைத்தாலும் அனுப்புநரின் நிரலில் ஒரு வரிகூட மாறாது. இந்தப் பிரிவினைக்காகத்தான் அந்த மென்பொருளையே நிறுவுகிறோம். முதற் சொல்லிலேயே தலைகீழான கருத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பத்துப் பக்கம் எழுதி அதைத் திருத்த வேண்டுமா?

இப்படிச் செய்தி பரிமாறுவதற்கான ஏஎம்கியூபி (AMQP) நெறிமுறையை 2003இல் ஜேபி மோர்கன் வங்கியில் இருந்த ஜோன் ஓஹாரா தொடங்கினார். வங்கியும் பங்குச் சந்தையும் புழங்கும் இடத்தில் புரோக்கர் என்ற பெயர் அன்னியமாக ஒலித்திருக்காது. நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளக்கும் திட்டத்தில் சேரும் மாணவர்கள். அவர்களுக்கு அந்தச் சூழலைக் கடன்வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

தங்கை முன்மொழிந்த "கையளிப்பகம்" அழகான சொல். கையளித்தல் நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் முதல் கச்சேரி (அரச செயலகம்) வரை புழங்கும் வினை. ரபிட்எம்கியூ (RabbitMQ) என்ற புரோக்கரை மட்டும் விளக்குவதானால் நான் அதையே ஏற்பேன். அங்கே செய்தி ஒரு வரிசையில் நிற்கும்; மென்பொருள் அதைப் பெறுநரிடம் கையளிக்கும்; பெறுநர் பற்றுச்சீட்டு அனுப்பியதும் வரிசையிலிருந்து நீக்கிவிடும். பற்றுச்சீட்டு வராமல் இணைப்பு அறுந்தால் செய்தி மீண்டும் வரிசைக்குத் திரும்பும். (அக்னாலெட்ஜ்மென்டுக்கு "பற்றுச்சீட்டு" என்றே எழுதியிருக்கிறேன். "ஒப்புகை" வேண்டுமென்பவர்கள் சொல்லுங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.)

ஆனால் இன்னொரு புரோக்கரான அப்பாச்சி காஃப்காவில் கையளிப்பே கிடையாது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறந்த மூலமாக வெளிவந்த அது, செய்திகளை ஒரு பதிவேட்டில் வந்த ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டு போகும். பெறுநர் தானாக வந்து, தான் விட்ட இடத்திலிருந்து வாசித்துக்கொள்ளும். வாசித்த பிறகும் செய்தி அங்கேயே இருக்கும். குறித்த காலமோ அளவோ கடந்த பின்பே அழியும். அதனால் புதிதாக வரும் ஒரு செயலி பழைய அளவீடுகளைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க முடியும். இரண்டையும் ஆங்கிலத்தில் புரோக்கர் என்றே அழைக்கிறார்கள். நம் சொல்லும் இரண்டையும் தாங்க வேண்டும்.

"இடையகம்" என்ற ஆலோசனையும் வந்தது. அது பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடத்துக்கு) ஏற்கெனவே வழங்கும் சொல். பஃபரும் புரோக்கரும் ஒரே பக்கத்தில் வரும் கையேட்டில் அதை ஏற்க முடியாது.

ஆகவே நான் முன்வைப்பது "செய்தி இடைவழங்கி". வழங்கி என்பது சேர்வருக்கு நாம் பல காலமாக எழுதும் சொல். இதுவும் ஒரு வழங்கிதான், இரு செயலிகளுக்கு இடையில் நிற்கிறது. தானே கொண்டுபோய்க் கொடுப்பதும் வழங்கல். கேட்டு வருபவருக்குக் கொடுப்பதும் வழங்கல். வழித்தோன்றல்களும் தடையின்றி வருகின்றன: பல சேர்ந்து இயங்கினால் இடைவழங்கிக் கொத்து, சீரோஎம்கியூ போன்றவை இடைவழங்கியற்ற முறை. கலைச்சொல் ஒன்றை நான் தேர்வு செய்வது பெரும்பாலும் இந்தச் சோதனையால்தான். தனியே நிற்கும்போது அழகாக இருந்து, ஒரு விகுதியைச் சேர்த்ததும் முறியும் சொற்கள் நம்மிடம் ஏராளம்.

கையேட்டில் "இணக்கமான" (கம்பேட்டிபிள்) என்ற சொல்லையும் தனியே விடாதீர்கள். எதனோடு இணக்கம் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஏஎம்கியூபி 0-9-1, ஏஎம்கியூபி 1.0 இரண்டும் பெயரால் மட்டுமே உறவு. கம்பியில் போகும் வடிவம் வேறு. "ஏஎம்கியூபி இணக்கம்" என்ற ஒரு வரியை நம்பி நிரல் நூலகத்தைத் தேர்ந்தால் இணைப்பே கிடைக்காது. அதை "நெறிமுறை இணக்கம்" என்று பதிப்பு எண்ணோடு சொல்வோம். "உரிம இணக்கம்" வேறு. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் தன் பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டதும், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அதிலிருந்து வால்கீ பிரிந்து வந்ததும் நினைவிருக்கும். 2025இல் ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒரே மென்பொருளுக்கு எந்தப் பதிப்பு, எந்த உரிமம் என்று பார்த்தே நிறுவ வேண்டியிருக்கிறது.

நம் தேவைக்கு என் வாக்கு ரபிட்எம்கியூவுக்கே. கிணற்று உணரிகள் எம்கியூடிடி (MQTT) என்ற நெறிமுறையைப் பேசும். அதற்கான செருகு நிரல் அதிலேயே வருகிறது. தரவுத்தளப் பக்கம் பைத்தன் செயலி ஏஎம்கியூபி 0-9-1 பேசும். உரிமம் எம்பிஎல் 2.0 என்ற திறந்த மூல உரிமம். மற்றப் புரோக்கர்களில் மொஸ்கிட்டோ மிக இலேசானது, சிறு கணினியிலும் ஓடும்; ஆனால் ஏஎம்கியூபி பேசாது. ஆர்ட்டெமிஸ் எம்கியூடிடியும் ஏஎம்கியூபி 1.0உம் பேசும், நம் பைத்தன் நூலகத்துக்கு ஒத்துவராது. காஃப்காவுக்கு உணரியிலிருந்து ஒரு பாலம் தனியே அமைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். எம்கியூடிடியின் "குறைந்தது ஒருமுறை" என்ற சேர்ப்பு நிலையில் ஒரே அளவீடு இருமுறை வரலாம். அலைவரிசை விட்டுவிட்டு வரும் தோட்டக் கிணறுகளில் அது நிச்சயம் நடக்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் உணரியின் இலக்கமும் அளந்த நேரமும் சேர்ந்த தனித்த சாவி (யூனிக் கீ) இருந்தால் தரவுத்தளம் இரட்டிப்பைத் தானே மறுத்துவிடும்.

---

> தம்பி, தமிழ்நாட்டில் சேர்வரைச் சேவையகம் என்கிறார்கள். அவர்களுக்கு "இடைவழங்கி" ஒட்டுமா? புரோக்கர் என்றே எழுதினால் சண்டையே இல்லை.

சேர், சேவையகம் என்பவர்களும் வழங்கியை அறிவார்கள். புரோக்கர் என்பதை முதன்முறை வரும் இடத்தில் ஒருதடவை எழுதிவிடுவோம், இணையத்தில் தேடுபவருக்கு அது வேண்டும். ஆனால் அதோடு நிறுத்த என் மனம் இடம்தரவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறு முழுவதற்கும் வகுப்பறையில் சொல் தேடிய ஊர் இது. ஒரு மென்பொருள் வகைக்கு நம்மால் தேட முடியாதா?

செய்திகளை வகைபிரிக்கும் பெயரான டொபிக்குக்கு "தலைப்பு" என்பதில் எனக்கும் நிறைவில்லை. எம்கியூடிடியில் அது "வலிகாமம்/கோப்பாய்/கிணறு7/உவர்ப்பு" என்று படிப்படியாக இறங்கும் ஒரு முகவரி. காஃப்காவில் அது ஒரு பதிவேட்டின் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா, வேறு வேறாக வைக்கலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள் சேர், அந்த அத்தியாயத்தை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.