மறு: மறு: குவேக்கருக்குத் தமிழ் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
குழும அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க வரலாற்றுப் பாடநூலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். பென்சில்வேனியா இயல் முழுக்கக் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர்தான். ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாமென்றால், கூடவே பெயர்க்காரணமும் வருகிறது. 1650இல் இங்கிலாந்தின் டார்பியில், இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ், ஆண்டவர் வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று விசாரித்தவர்களிடமே சொல்ல, நீதிபதி பென்னட் கேலியாக வைத்த பெயர்; ஆங்கிலத்தில் ‘குவேக்’ என்றால் நடுங்குவது. ‘நடுங்கிகள்’ என்று எழுதக் கை வரவில்லை.

புலவர் ஐயா:
வராது. தொடைநடுங்கி அல்லவா முன்னால் வந்து நிற்பான்! சிறைக்கு அஞ்சாதவர்களுக்கு அந்தப் பெயரா? தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள்: ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்.’ மணிவாசகர் ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்றது பயந்தா? ஆகவே ‘விதிர்ப்பர்’.

ஆசிரியை:
ஐயா, வேலாயுதத்தை வீசி அசைப்பதும் விதிர்ப்புதானே? ஆயுதமே எடுக்கமாட்டோம் என்றவர்களுக்கு இது பொருந்துமா? என் வகுப்புப் பிள்ளைகள் அதை வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவர்கள் தங்களை ‘நண்பர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். யோவான் 15இல் ‘நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்’ என்று வருகிறதே, அதை ஒட்டி. ‘நண்பர் சபையார்’ போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரைப் பற்றி ‘வில்லியம் பென்னும் நண்பர்களும் குடியேறினர்’ என்றால் அவருடைய கூட்டாளிகள் என்றுதான் படிப்பார்கள். ‘தோழர்’ என்றால் கட்சிக் கூட்டம். ‘அன்பர்’ என்றால் பெரியபுராணம்.

புலவர் ஐயா:
யாவரும் கேளிர். ‘கேளிர்’ என்று வையுங்களேன்.

மருத்துவர்:
இடையில் ஒன்று. இவர்கள் பெரிய மனிதரையும் ஒருமையில்தான் விளித்தார்கள்; நீதிமன்றத்திலும் தொப்பியைக் கழற்றவில்லை. பண்ணையார் முன்னால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்காமல், ‘நீ’ என்று பேசிய மாதிரி. அதை எப்படி மொழிபெயர்க்கிறீர்கள்? ‘நீர்’ போட்டால் விஷயமே போச்சு.

அப்புறம், ஷேக்கர் என்ற தனிப் பிரிவும் உண்டு. ‘குலுங்கும் குவேக்கர்’ என்று முதலில் பேர் வாங்கியவர்கள். நடுக்கத்தை இங்கேயே செலவழித்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

மொழிபெயர்ப்பாளர்:
‘நீ’ என்றே வைத்துவிட்டேன். பெயருக்கு, முதன்முறை வரும் இடத்தில் ‘நண்பர் சபையார் எனப்படும் குவேக்கர்’, பிறகு ‘குவேக்கர்’. மூவர் சம்மதித்துவிட்டீர்கள், இன்றிரவு அனுப்புகிறேன்.

புலவர் ஐயா:
அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் குவேக்கர் ஓட்ஸ் டப்பாதான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனிக்கும் சபைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அடிக்குறிப்பாவது போடுங்கள். விதிர்ப்பில் வேல் இருக்கிறது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்து நாளை விரிவாக எழுதுகிறேன்.