'எஸ்பெராண்டோ' என்ற பெயர் ஐரோப்பிய மொழிகளில் ஏன் பெரிதாக மாறவில்லை?

கேள்வி

ஐரோப்பிய மொழிகள் ஒன்றையொன்று எந்தெந்தப் பெயரால் அழைக்கின்றன என்று சில வாரங்களாக ஒரு பட்டியல் தொகுத்து வருகிறேன். ஜெர்மானியர் தம் மொழியை 'டாய்ச்' என்கிறார்கள். அதே மொழி பிரெஞ்சில் 'அல்மான்', இத்தாலியனில் 'தெதெஸ்கோ', போலிஷில் 'நியெமியெட்ஸ்கி', ஃபின்னிஷில் 'சக்சா' என்று ஆளுக்கொரு பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் செயற்கையாக உருவாக்கப்பட்ட மொழியான எஸ்பெராண்டோவுக்கு வந்தபோது பட்டியல் முழுவதும் ஒரே சொல்லாகவே நிற்கிறது. 'நம்பிக்கை கொண்டிருப்பவர்' என்பது அதன் பொருள் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான பொருள் உடைய சொல்லை ஒவ்வொரு மொழியும் தன் சொல்லால் பெயர்த்துக்கொண்டிருக்கலாமே, ஏன் அப்படிச் செய்யவில்லை? இன்னொரு ஐயமும் உண்டு: பெலாரசிய மொழியில் மட்டும் சொல் ஓகாரத்தில் முடியாமல் 'எஸ்பெராண்டா' என்று முடிகிறது. இது அச்சுப்பிழையா?

மறுமொழி 1

உங்கள் முதல் கேள்விக்கு விடை இந்தச் சொல் பிறந்த விதத்தில் இருக்கிறது. எஸ்பெராண்டோ முதலில் மொழியின் பெயராக இருக்கவில்லை; ஒரு மனிதரின் புனைபெயராக இருந்தது. இன்றைய போலந்தில் உள்ள பியாவிஸ்தோக் நகரில் 1859-இல் பிறந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப், தாம் உருவாக்கிய மொழியின் முதல் நூலை 1887-இல் வார்சாவில் வெளியிட்டபோது, ஆசிரியர் பெயரை 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று அச்சிட்டார். மொழிக்கு அவர் வைத்த பெயர் 'சர்வதேச மொழி' என்பதுதான். அந்தப் பெயர் நீங்கள் எதிர்பார்த்தது போலவே எங்கும் மொழிபெயர்க்கப்பட்டது: முதலில் வந்த ரஷ்யப் பதிப்பிலும், அதே ஆண்டு வந்த போலிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளிலும் அந்தந்த மொழியின் சொற்களே தலைப்பாக அமைந்தன.

ஆனால் 'சர்வதேச மொழி' என்பது பொதுப்பெயர். அன்றைக்கு அந்தத் தகுதிக்கு வேறு போட்டியாளர்களும் இருந்தார்கள். எனவே 'டாக்டர் எஸ்பெராண்டோவின் மொழி' என்று சொல்லத் தொடங்கிய மக்கள், விரைவிலேயே ஆசிரியரின் பெயரையே மொழிக்குச் சூட்டிவிட்டார்கள். 1889-இல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய முதல் இதழின் பெயரே 'லா எஸ்பெராண்டிஸ்டோ' என்று இருந்தது. ஓர் ஆளின் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, ஒலிபெயர்க்கிறார்கள்; அந்த வழக்கம் பெயர் மொழிக்கு மாறிய பின்னும் தொடர்ந்தது.

இதற்கு நல்ல சான்றாக நான் கருதுவது இத்தாலியன் மொழியைத்தான். 'நம்புதல்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'எஸ்பெரார்', போர்த்துகீசியத்திலும் 'எஸ்பெரார்', பிரெஞ்சில் 'எஸ்பெரே'. இத்தாலியனில் மட்டும் முதல் எகரம் இல்லாமல் 'ஸ்பெராரே', நம்பிக்கைக்கு 'ஸ்பெரான்சா'. சொல்லின் பொருளைப் பார்த்துப் பெயரிட்டிருந்தால் இத்தாலியர் எகரத்தை நீக்கியிருக்க வேண்டும். அவர்களோ எகரத்தோடு 'எஸ்பெராண்டோ' என்றே எழுதுகிறார்கள். ருமேனியரும் அப்படியே செய்கிறார்கள்.

மறுமொழி 2

பெலாரசிய வடிவம் அச்சுப்பிழை அன்று, ஐயா. அம்மொழியில் அழுத்தம் பெறாத ஓகாரம் அகரமாகவே ஒலிக்கும். ஒலிப்பதை அப்படியே எழுதுவது அவர்கள் எழுத்து மரபு. ரஷ்ய மொழியிலும் இந்த ஒலி மாற்றம் உண்டு, ஆனால் எழுத்தில் காட்டமாட்டார்கள். மாஸ்கோவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: ரஷ்யர் ஒகரமிட்டு எழுதி 'மஸ்க்வா' என்று வாசிக்கிறார்கள், பெலாரசியர் எழுதும்போதே 'மஸ்க்வா' என்று எழுதுகிறார்கள். எஸ்பெராண்டோவில் அழுத்தம் 'ரா'வின் மேல் விழுவதால் ஈற்றிலுள்ள ஓகாரம் தளர்ந்து 'எஸ்பெராண்டா' ஆகிறது. எஸ்பெராண்டோ மொழியின் சொந்த இலக்கணப்படி ஓகார ஈறு பெயர்ச்சொல்லுக்கும் ஆகார ஈறு பெயரடைக்கும் உரியவை. ஆகவே சாமன்ஹோஃப் பிறந்த ஊருக்கு அருகிலேயே பேசப்படும் ஒரு மொழியில் அவருடைய மொழியின் பெயர், அவர் விதியின்படி பெயரடை வடிவத்தில் நிற்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

ஹங்கேரியனில் நடந்தது வேறு. அங்கே ரோமன் 'எஸ்' எழுத்து தனியே வந்தால் 'ஷ்' என்று ஒலிக்கும். எழுத்தை மாற்றாமல் விட்டால் 'எஷ்பெராண்டோ' என்று வாசித்துவிடுவார்கள் என்பதால், 'எஸ்' எழுத்தோடு 'இஸட்' எழுத்தைச் சேர்த்து ஸகர ஒலியைக் காத்துக்கொண்டார்கள். ஈற்று ஓகாரத்தையும் நெடில் குறியிட்டு எழுதுகிறார்கள். வானொலி, மோட்டார் வண்டி முதலியவற்றுக்கு அவர்கள் கடன்பெற்ற சொற்களும் அவ்வாறே நெடிலில் முடிகின்றன. பிரெஞ்சுக்காரர் இரண்டாம் எகரத்தின் மேல் ஒரு குறி இடுவதும் ஒலியைக் காப்பதற்கே. அது இல்லாவிட்டால் அந்த உயிர் மங்கிப்போகும்.

மறுமொழி 3

முதல் மறுமொழி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் 'சொல் மாறவில்லை' என்று முடித்துவிடக் கூடாது. அகராதித் தலைச்சொல்லை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும்; வாக்கியத்துக்குள் வந்தவுடன் ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணத்தை அதன் மேல் செலுத்துகிறது. செக் மொழியில் ஓகார ஈறு அஃறிணைப் பெயர்களுக்கு இயல்பானது, எனவே அவர்கள் வேற்றுமை உருபேற்றி 'எஸ்பெராண்டா', 'எஸ்பெராண்டு' என்று திரித்து வழங்குகிறார்கள். ரஷ்ய மொழியிலும் ஓகார ஈற்றுப் பெயர்கள் ஏராளம், ஆயினும் இவ்வாறு வந்த அயற்சொற்களைத் திரிக்காமல் விடுவது அவர்கள் எழுத்து வழக்கின் விதி. அங்கே இச்சொல் எல்லா வேற்றுமையிலும் ஒரே உருவில் நிற்கிறது. போலிஷ்காரர் 'போலிஷில் பேசுதல்' என்பதற்கு 'போ போல்ஸ்கு' என்று சொல்வது போலவே 'போ எஸ்பெரான்ட்ஸ்கு' என்றும் சொல்கிறார்கள். ஆழமாக மாற்றியது பிரான்சின் மேற்கே பேசப்படும் பிரெட்டன் மொழிதான்: 'பிரெசோனெக்' (பிரெட்டன்), 'கல்லெக்' (பிரெஞ்சு), 'சவ்ஸ்னெக்' (ஆங்கிலம்) என்று மொழிப்பெயர்களுக்கு அது இடும் விகுதியையே இட்டு 'எஸ்பெரான்டெக்' என்று ஆக்கிக்கொண்டது.

பொருள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். இச்சொல்லை நம் இலக்கண முறைப்படியே பிரிக்கலாம். 'எஸ்பெர்' பகுதி, 'ஆண்ட்' நிகழ்கால இடைநிலை, 'ஓ' விகுதி. முழுச்சொல் ஒரு வினையாலணையும் பெயர். இடைநிலையை 'இண்ட்' என்று மாற்றினால் இறந்தகாலமும், 'ஓண்ட்' என்று மாற்றினால் எதிர்காலமும் ஆகும். எஸ்பெராண்டோ பேசுவோர் எழுதும்போது முதலெழுத்தைப் பெரியதாக இட்டால் மொழியையும், சிறியதாக இட்டால் நம்பிக்கை கொண்டிருக்கும் ஒருவரையும் குறிக்கும். பிற மொழிகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் பெயரடையாகவே சொல்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு 'லா தமிலா', அதாவது 'தமிழ் சார்ந்த மொழி'. தங்கள் மொழியை அவ்வாறு சொல்லாமல் பெயர்ச்சொல்லாக நிறுத்தியிருப்பதற்கும், அது ஓர் ஆளின் பெயராகப் பிறந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பட்டியலில் எழுத்துவடிவத்தோடு நிறுத்திவிட்டேன், வாக்கிய வடிவத்துக்கும் ஒரு பத்தி சேர்க்கிறேன். கிரேக்க மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒலிப்பதிவு ஒன்றில் அவர்கள் உச்சரிப்பு நாம் 'எஸ்பெராண்டோ' என்று வாசிப்பதற்கு மிக நெருங்கியதாகக் கேட்டது.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் நகர எழுத்தை அடுத்து வரும் தகர எழுத்து வல்லொலியாக நிற்காது, மென்மைப்பட்டு ஒலிக்கும். அதனால் கிரேக்கரின் எஸ்பெராண்டோவில் மூலத்தின் 't' ஒலி 'd' ஒலியாகிறது. நாமும் 'ண்டோ' என்று எழுதும்போது, மெல்லினத்தை அடுத்த டகரம் நம் வாயில் தானாகவே மென்மைப்படுகிறது. மூலத்தில் இருப்பதோ பல்லைத் தொட்டு ஒலிக்கும் வன்மையான தகரம். அதை நம் எழுத்தில் 'ந்தோ' என்று எழுதினாலும் வன்மை நிற்காது. ஆகவே உங்கள் பட்டியலில் தமிழ் வடிவத்தையும் சேர்ப்பதாக இருந்தால், கிரேக்கத்துக்குப் பக்கத்து வரிசையில் வையுங்கள்.