டாக் வாசலில் தார்ப்பாய் கட்டி ஓட்டுகிறோம்: ஃபோம் சீலா, ஷெல்டரா, காற்றுப் பையா?

உப்பளத்தான்:

வணக்கம். தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் இரண்டு டாக் (கண்டெய்னர் பின்பக்கமாக வந்து முட்டி நின்று சரக்கு ஏற்றுகிற வாசல்). கதவுக்கு உள்ளே ஆன்ட்டி ரூம் எனும் குளிர் முன்னறை, அதைத் தாண்டினால் மைனஸ் 20 கோல்டு ஸ்டோர். ஆன்ட்டி ரூம் 5 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது காகிதத்தில் மட்டும்தான். ஸ்டஃபிங் (கண்டெய்னரில் சரக்கு அடுக்குவது) தொடங்கி அரை மணி நேரத்தில் 14, 15 என்று ஏறி நிற்கிறது. தரை முழுக்க ஈரம். கதவுக்கு மேல் இருக்கும் பேனலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொங்குகிறது, அது அட்டைப் பெட்டி மேல் விழுகிறது. இவாப்பரேட்டரில் (குளிர் கொடுக்கிற காயில்) பனிக்கட்டி கட்டி, அதை உருக்குகிற டிஃப்ராஸ்ட் கணக்கில்லாமல் ஓடுகிறது.

காரணம் கண்ணுக்கே தெரிகிறது. கண்டெய்னர் பின்னால் வந்து ரப்பர் பம்பரில் முட்டி நிற்கும். பம்பர் 4 அங்குலம், அதனால் கண்டெய்னருக்கும் சுவருக்கும் கீழே கை நுழைகிற அளவு சந்து. மேலே போகப்போக விரல்தான் நுழையும். அதில் சாக்கைத் திணித்து, மேலே தார்ப்பாய் கட்டி ஓட்டுகிறோம். ஆனியில் கச்சான் வீசும்போது தார்ப்பாய் படபடவென்று அடித்து மண்ணை உள்ளே கொட்டும். ஐப்பசி மழையில் கண்டெய்னர் கூரைத் தண்ணீர் நேராக லெவலர் (ஆலைத் தரைக்கும் கண்டெய்னருக்கும் பாலமாக ஏறி இறங்கும் இரும்புத் தட்டு) மேல் விழும்.

வருவதில் பெரும்பாலானவை 40 அடி ஹை க்யூப் ரீஃபர், அதாவது உயரம் கூடிய குளிர் கண்டெய்னர். உள்ளூர் சப்ளைக்கு மட்டும் 17 அடி ஐஷர் லாரி வரும். ஒரு டீலர் காற்றடைக்கிற ஷெல்டர்தான் சரி என்கிறார், இன்னொருவர் ஃபோம் சீல் போதும் என்கிறார். முதலாளிக்கு எது விலை குறைவோ அது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூலிங்_குமரன்:

கதவுக்கு மேல் காற்றைத் திரை மாதிரி கீழே வீசுகிற ஒரு ஏர் கர்டெய்ன், உள்ளே தொங்குகிற பிவிசி ஸ்ட்ரிப் பட்டைகள். இவ்வளவு செலவு எதுக்கு நண்பரே?

கதவுக்காரர்:

ஏர் கர்டெய்ன் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கதவுக்கு. இவருடைய வில்லங்கம் கதவுக்கு வெளியே இருக்கிற அந்த நான்கு அங்குலம். ஸ்ட்ரிப்பைத் தொங்கவிட்டால் ஆள் பெட்டியோடு போகவர அது விலகியேதான் கிடக்கும். கொஞ்ச நாளில் லோடிங் பசங்களே நான்கு பட்டையைத் தூக்கிச் சொருகி வைத்துவிடுவார்கள். எந்த ஆலைக்குப் போனாலும் இதே காட்சிதான்.

உப்பளத்தான் தம்பி, முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள், முதலாளியிடம் பேச உதவும். 32 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 25 கிராம் தண்ணீர் இருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்குக் கிட்டத்தான் தாங்கும். மீதி 18 கிராமை உங்கள் ஆலைக்குள் போட்டுவிடும். சந்து சராசரியாக 6 செ.மீ. என்று வையுங்கள். கண்டெய்னர் உயரம் 2.9 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறப்பு. காற்று விநாடிக்கு அரை மீட்டர் மெதுவாக நுழைந்தாலும் மணிக்கு 600 கன மீட்டரைத் தாண்டும். பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர், ஒரு மணி நேரத்தில், ஒரு டாக்கில். கச்சான் நேராக முகத்தில் அடித்தால் அரை மீட்டரோடு நிற்குமா? கொஞ்சம் தரையில் விழும், பாக்கி இவாப்பரேட்டரில் பனியாக உட்காரும். பனி கட்டியதும் கம்ப்ரஸர் கூடுதலாக ஓடும். அந்தப் பனியை உருக்க ஹீட்டர் ஓடும். கரண்டுக்கு இரண்டு முறை காசு.

அடுத்தது, எல்லாரும் மேலே தார்ப்பாய் கட்டுவதோடு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். குளிர்ந்த காற்று கனம், அது கீழ்ச் சந்து வழியாக வெளியே வழியும். வழிகிற அளவுக்கு மேலே இருந்து வெக்கை உள்ளே வரும். கீழே அடைக்காமல் மேலே மட்டும் அடைத்தால் பாதி வேலைதான். கீழே என்றால் கண்டெய்னர் ஓரம் மட்டும் இல்லை. லெவலருக்கும் குழிச் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஓடுகிற சந்தைக் கணக்கில் எடுக்கிறவர்கள் குறைவு. ஷெல்டர் விற்கிறவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார், அது அவர் பொருள் இல்லை.

நாளைக்கே செய்து பாருங்கள். உச்சிவெயில் நேரம் கண்டெய்னரை டாக்கில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, ஆன்ட்டி ரூம் லைட்டை முழுக்க அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். வெளிச்சம் எங்கெல்லாம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். லெவலர் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு நீளமான கோடு தெரியும் பாருங்கள். நைலான் பிரஷ் பட்டையோ ரப்பர் பட்டையோ போட்டு அதை அடைக்கலாம். மொத்தத்தில் மிகக் குறைந்த செலவு அதுதான், முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபோம் சீல் என்பது பக்கத்துக்கு ஒரு பேட் (உறை போட்ட ஃபோம் மெத்தை), மேலே ஒரு பேட். வண்டி பின்னால் வந்து அதை 4 அங்குலம் அளவுக்கு அமுக்க வேண்டும். பம்பர் 4 அங்குலம் என்றால் பேட் சுவரிலிருந்து 8 அங்குலம் துருத்தி நிற்கணும். ஒரே அளவு வண்டியாக வந்தால் இதைப் போல இறுக்கமாக அடைக்கிற சாமான் இந்த விலையில் இல்லை. ஆனால் ஐஷர் மாதிரி ஒடுக்கமான, தாழ்ந்த வண்டி வந்தால் பேட் அதைத் தொடவே தொடாது.

திரை ஷெல்டர் என்பது சுவரில் ஒரு சட்டம், அதில் கெட்டியான துணி. 3400க்கு 3400 மி.மீ., 600 ஆழம் என்பது வழக்கமாகக் கிடைக்கிற அளவு. வண்டி உள்ளே நுழையும்போது துணி மடிந்து பக்கத்தில் படியும். சின்னது, பெரியது எல்லாம் ஏற்கும். ஆனால் மேல் திரையும் பக்கத் திரையும் சேர்கிற மூலையில் முக்கோணமாக ஒரு ஓட்டை நின்றே தீரும். பலத்த காற்றில் துணி ஆடும்.

காற்றடைக்கிறது மூன்றிலும் உசத்தி, அதில் சந்தேகமே இல்லை. வண்டி நின்ற பிறகு ப்ளோயர் ஓடி, பைகள் உப்பி மூன்று பக்கமும் அணைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்டஃபிங் முடியும் வரை ப்ளோயர் ஓடணும். கரண்டு போனால் பை தொங்கிவிடும், ஜெனரேட்டர் லைனில் கொடுக்க வேண்டும். பை இறங்கும் முன்னே டிரைவர் வண்டியை எடுத்தால் கிழியும். இரண்டு டாக்குக்கு, அதுவும் வேலையில் பெரும்பகுதி ஒரே அளவு கண்டெய்னர் என்னும்போது, இது வேண்டாம் என்பேன். ஒரு டாக்கை ரீஃபருக்கு என்று ஒதுக்கி ஃபோம் போடுங்கள். இன்னொன்றில் திரை ஷெல்டர், ஐஷர் அங்கே போகட்டும்.

ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்று கேட்கணும். கீழே கை நுழைகிறது, மேலே விரல்தான் நுழைகிறது என்று எழுதினீர்கள். டாக் முன்னால் தரை ஆலையை நோக்கிச் சரிகிறதா? மேலே பேனலில் அடிபட்ட தடம் ஏதாவது இருக்கிறதா?

உப்பளத்தான்:

அண்ணே, நேரில் பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். மேலே இரண்டு மூலையிலும் பேனல் நசுங்கியிருக்கிறது. தரை சரிகிறது, டியூப் லெவல் வைத்துப் பார்த்தேன், மீட்டருக்கு 3 செ.மீ. லைட்டையும் அணைத்துப் பார்த்தோம். லெவலர் ஓரம் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது, குழியில் கிடக்கிற பேப்பர் கப் கூடத் தெரிகிறது!

இன்னொன்று. கண்டெய்னரை முன்கூட்டியே மைனஸ் 20க்கு இறக்கித்தான் டாக்கில் விடுகிறோம். லோடிங் நடக்கும்போதும் யூனிட் (கண்டெய்னரின் குளிர்சாதன மெஷின்) ஓடும். அது நல்லதுதானே?

ரீஃபர்_டிரைவர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், வண்டிக்காரன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபோம் பேட் வைத்த டாக்கில் கண்டெய்னர் கதவை முன்னாலேயே திறந்து, மடித்து, பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் ரிவர்ஸ் வர முடியும். மழையில் அந்த இருபது முப்பது அடிக்குள் உள்ளே நனையும். டாக்குக்கு மேல் ஒரு கூரை நீட்டிப் போடுங்கள். அப்புறம் பேடு துருத்தி நின்றால் கண்ணாடியில் பம்பர் தெரியாது. பேட் முகத்தில் மஞ்சள் பட்டையும், தரையில் இரண்டு பக்கமும் நீளமாக மஞ்சள் கோடும் போட்டால் நேராக வந்துவிடுவோம். கோணலாக ஏறினால் ஒரு பேடு நசுங்கும், இன்னொன்று தொடாது.

பட்டை ஸ்பிரிங் வண்டி லோடு ஏற ஏற இறங்கும். காலியாக நின்ற மட்டத்துக்கும் லோடு முடிந்த மட்டத்துக்கும் நல்ல வித்தியாசம் வரும். அவ்வளவு நேரமும் கண்டெய்னர் கீல் பேடை உரசிக்கொண்டே இருக்கும். ஃபோம் அமுங்கி இருப்பதால் வண்டியை வெளியே தள்ளவும் பார்க்கும். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் டயருக்குக் கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். கட்டையை எடுத்து வைக்க ஆள் யாரும் வர மாட்டார்கள், டிரைவரே இறங்கணும், அது வேறு கதை.

கதவுக்காரர்:

டிரைவர் அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம். கீல் உரசுகிற இடத்தில் பேட் உறைக்கு மேல் இன்னொரு அடுக்குத் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்து வாங்குங்கள். அந்த அடுக்கு தேயும், உறை தப்பிக்கும்.

தம்பி, மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு என்றால் 2.9 மீட்டர் உயரத்தில் கண்டெய்னர் தலை கிட்டத்தட்ட 9 செ.மீ. சுவர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும். பம்பர் கொடுக்கிற இடைவெளியோ 10 செ.மீ. பம்பர் தேய்ந்தால் பேனல் நசுங்காமல் என்ன செய்யும்? இதில் நேர் பேட் வைத்தால் மேலே கண்டெய்னர் ஃபோமைப் பிழிந்து எடுக்கும், கீழே பட்டும்படாமல் நிற்கும். கீழே தடிமன் கூடி மேலே குறைகிற சாய்வு பேட் கேளுங்கள், செய்து தருவார்கள். மேல் முனையிலும் ஃபோமுக்குத் தடிமன் வேண்டும் என்பதால் பம்பரையும் 6 அங்குலமாக மாற்றிவிடுங்கள். லெவலர் நாக்கு (கண்டெய்னருக்குள் நீண்டு படிகிற தகடு) அந்தக் கூடுதல் தூரத்துக்கு எட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மழைத் தண்ணீர் சரிவில் டாக்கைத் தேடித்தான் வரும், சுவருக்கு முன்னால் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி இரும்பு ஜாலி போட வேண்டியிருக்கும்.

யூனிட் விஷயம். இப்போது செய்வது நல்லதில்லை, உடனே நிறுத்துங்கள். ஒழுகுகிற டாக்கில் குளிர்ந்த கண்டெய்னரைத் திறந்தால் வெளிக்காற்று உள் சுவரில் பனியாகப் படியும். யூனிட் ஓடினால் அந்த ஈரத்தை இழுத்துத் தன் காயிலிலேயே கட்டிக்கொள்ளும், பிறகு வழியில் குளிர் கொடுக்கத் திணறும். கோல்டு ஸ்டோருக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் காற்று புகாத குளிர்ப் பாதை இருந்தால் மட்டும் முன்கூட்டிக் குளிர்விக்கலாம். இல்லையென்றால் கதவு திறந்திருக்கும் வரை யூனிட் அணைந்திருக்கட்டும். கப்பல் கம்பெனிக்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள். சீல் போட்டு, ஆன்ட்டி ரூம் 5ல் நிற்கத் தொடங்கினாலும் இதை மாற்றாதீர்கள், 5 டிகிரி அறை மைனஸ் 20 கண்டெய்னருக்கு ஈரக்காற்றுதான்.

கடற்கரை ஊர் என்பதால் சட்டம், கிளாம்ப் எல்லாம் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக) இருக்கட்டும், வெறும் பெயின்ட் அடித்த இரும்பு உப்புக் காற்றில் நிற்காது. போல்ட் நட்டு ஸ்டெயின்லெஸ், முடிந்தால் 316 ரகம். உறை தனியாகக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கிழிந்தால் முழு பேடையும் மாற்றச் சொல்வார்கள்.

உப்பளத்தான்:

ரொம்ப நன்றி அண்ணே, டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. யூனிட்டை இன்றைக்கே அணைக்கச் சொல்லிவிட்டேன், சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்த்தார். லெவலர் பிரஷ் நாங்களே போடலாமா, ஆள் வர வேண்டுமா?

கதவுக்காரர்:

நீங்களே போடலாம். லெவலரைத் தூக்கி, சப்போர்ட் கம்பி கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகு மட்டும் ஆளைக் குழிக்குள் இறக்குங்கள். பிரஷை லெவலர் தட்டின் ஓரத்தில் மாட்டுங்கள், குழிச் சுவரில் வேண்டாம், தட்டு ஏறி இறங்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த பேப்பர் கப்பையும் எடுத்துவிடுங்கள், எலி வருவது அந்தக் குழி வழியாகத்தான்.